ரெடி வீடு வாங்கப் போறீங்களா? ஒரு மழை வரட்டும்!

கட்டி முடித்த வீட்டை வாங்கினால் கொத்தனார் பின்னால் அலைய வேண்டாம், வாடகையும் கட்டிக்கொண்டு இ.எம்.ஐ-யும் கட்டித் தவிக்க வேண்டாம். எல்லாம் சரி. ஆனால், விற்கிற நேரத்தில் புது பெயின்ட் அடித்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சுவரில் இருக்கும் ஓதத்தை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. நல்ல மழைக்கு மறுநாள் போய், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள சீலிங்கையும் பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரையும் பாருங்கள்.

சென்னையில் இன்னொரு தொல்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், பல வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்துபோய்விட்டன. வீட்டுக்குள் படி இறங்கிப் போகிறீர்களா? மழைத்தண்ணீரும் அதே வழியில்தான் வரும். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க லட்சக்கணக்கில் செலவாகும். அதை விலை பேசும்போதே கழித்துவிடுங்கள்.

மூலப்பத்திரத்தை ஒரிஜினலாகப் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது. 30 வருட வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பதிவு செய்யாத உயில் அதில் வராது, அதனால் வக்கீல் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். அப்ரூவல் பிளானில் இல்லாத மாடிக்குப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்!

விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், 1% டி.டி.எஸ் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள்தான்.