படக்கதைக்குள் ஒரு லயம் வருமா?

தமிழில் காமிக்ஸ் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிவகாசியிலிருந்து முத்து, லயன் என்ற இரண்டு பெயர்களிலும் இதழ்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அவர்களுடைய கடை முன்னால் கூட்டம் நிற்கிறது. இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்தின் லக்கி லூக்கும் நல்ல தாளில், முழு வண்ணத்தில், கெட்டி அட்டையில் தமிழ் பேசுகிறார்கள். 'கிராபிக் நாவல்' என்ற தனி வரிசையே வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சாணித்தாளில் கறுப்பு வெள்ளையில் படித்த எங்களுக்கு இது கனவு போன்ற காலம்.

ஆனால் அந்தக் கடையின் முன் நிற்கும் முகங்களை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். என் வயதினர். 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியபோது பிள்ளைகளாக இருந்தவர்களும், 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தபோது பள்ளிக்கூடம் போனவர்களும் இன்று தங்கள் இளமையைத் திருப்பி வாங்க வந்து நிற்கிறார்கள். அதில் தவறில்லை, நானும் அவர்களில் ஒருவன்தான். என் கேள்வி வேறு. இந்தக் கடைக்கு அப்பால், கடல் தாண்டி, வட்டவளையில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் புதிய வரவுகளில் என்ன இருக்கிறது?

வட்டவளையைத் தெரியாத வெளிநாட்டு அன்பர்களுக்காக ஒரு குறிப்பு. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ரயில் பாதையில், ரொசல்லைக்கு முன்னால் வரும் நிலையம் எங்கள் ஊர். இலங்கையிலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். வைகாசியில் தொடங்கினால் மாதக்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாது. வாசிப்பதற்கென்றே இயற்கை ஒதுக்கித் தந்த ஊர் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த மழை நாட்களில் லயத்து இஸ்தோப்பில் ஒரு காமிக்ஸ் புத்தகத்தைச் சுற்றி ஆறு தலைகள் குனிந்திருக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் வாசிப்பான். தெரியாதவன் படத்தைப் பார்ப்பான். இருவரும் ஒரே கதையைத்தான் படித்தார்கள். வேறெந்தப் புத்தகத்தாலும் இது முடியாது.

இன்று நிலைமை என்ன? இந்தியாவில் நூறு ரூபாய் விலையுள்ள ஓர் இதழ், நாணய மாற்றின்படியே இலங்கைப் பணத்தில் முந்நூறைத் தாண்டுகிறது. தபாற் செலவு தனி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் ஆக்கப்பட்டதற்கே எத்தனை போராட்டம் நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு சேகரிப்பாளர் பதிப்பு எத்தனை நாட் கொழுந்துக்குச் சமம் என்பது விளங்கும். மலிவுப் பதிப்பாக இருந்த காமிக்ஸ், தமிழில் ஓர் ஆடம்பரப் பொருளாகிவிட்டது. பதிப்பாளரைக் குறை சொல்லி என்ன பயன்? வாங்குபவர் ஐம்பது வயதுக்காரர். அவருக்கு ஏற்றாற்போல் தாளும் விலையும் அமைகின்றன.

விலையைவிட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. தமிழில் படக்கதை என்றாலே 'சிறுவர் பகுதி' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியது வேறு, பன்னிரண்டு வயதுக்கு வேண்டியது வேறு, பதினேழு வயதுக்கு வேறு, அறுபது வயதுக்கு வேறு. உலகம் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட தன் தகப்பனாரின் கதையை எலிகளும் பூனைகளுமாக வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மவுஸ்' 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. ஈரானியப் பெண்ணான மர்ஜானே சத்ரபி தன் சிறுபிராயத்தைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் சொன்ன 'பெர்சபொலிஸ்' தமிழிலும் வந்திருக்கிறது. இவை பிள்ளைகள் கையில் கொடுக்கும் வேடிக்கைப் புத்தகங்கள் அல்ல. அதற்காக இலக்கியம் இல்லை என்றும் ஆகிவிடாது.

நமக்கு இன்னும் அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணம்' 2011இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னர் தமிழுக்கும் வந்தது. அதை வரைந்த துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்கள். மேலைநாட்டுக் காமிக்ஸ் போலச் சதுரம் சதுரமாகக் கட்டம் கட்ட அவர்கள் உடன்படவில்லை. தங்கள் வீட்டுச் சுவர்களில் வரையும் திக்னா கோலத்தையே பக்கங்களைப் பிரிக்கும் கோடாக்கினார்கள். கடுஞ்சொல்லுக்குத் தேள் கொடுக்கும், இனிய சொல்லுக்குப் பறவையும் பேச்சுக் குமிழிகளாயின. தாகத்துக்குத் தண்ணீர் மறுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் கதை, ஒடுக்கப்பட்ட மக்களின் கோடுகளாலேயே சொல்லப்பட்டது. பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு அந்தப் புத்தகம் அந்நியமானதல்ல.

இலங்கைத் தமிழரின் துயரமும் படக்கதையாகியிருக்கிறது. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொலொக் வரைந்த 'வன்னி' 2019இல் ஆங்கிலத்தில் வெளியானது. ஒரு குடும்பத்தின் கண்வழியே இறுதிப் போரைச் சொல்லும் நேர்மையான முயற்சி அது. டிக்ஸ் வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்தவர். அவர்களுக்கு நம் நன்றி உரியது. ஆயினும் நம் கதையை ஆங்கிலேயர் இருவர் வரைய, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் அதை ஆங்கிலத்தில் வாசிப்பதோடு அது முடிந்துவிடலாகாது. மலையகத்துக்கு அந்த அளவும் வாய்க்கவில்லை. 2023இல் 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்தோம், மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம், மலர்கள் வெளியிட்டோம். அந்த மலர்களின் கட்டுரைகளை எத்தனை பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வாசித்திருப்பார்கள்?

கதைக்குப் பஞ்சமா என்றால், இல்லவே இல்லை. மின்சாரம் பாய்ந்தால் மாயமாய் மறைகிற இரும்புக்கை மனிதனை வாயைப் பிளந்துகொண்டு படித்தோமே, நம் மலைகளிலேயே ஒருவன் ஆளுநரின் பொலிஸ் படையிடமிருந்து மறைந்து திரிந்தான். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் என்ற அவுஸ்திரேலிய இளைஞன். மடுல்கலையில் தோட்டத்துரைத் தொழில் பழக வந்தவன், தொழிலாளர் பக்கம் சாய்ந்தான்; வேலை போயிற்று. 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில், வட்டவளையிலிருந்து மலையிறங்கினால் எட்டிவிடும் தூரத்தில், சமசமாஜக் கட்சி மேடையில் ஏறித் துரைமாரின் கொடுமைகளைப் பேசினான். ஆளுநர் ஸ்டப்ஸ் அவனை நாடு கடத்த உத்தரவிட்டார். அவன் தலைமறைவானான். பொலிஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கான மக்கள் முன் மேடையில் தோன்றினான். பின்னர் கைதானான், அந்த உத்தரவு செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்த்து அவனை விடுவித்தது. கற்பனை ஒரு சொட்டும் சேர்க்காமலே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நூறு பக்கச் சாகசக் கதை!

இன்னொன்று, என் தொழிலோடு உறவுடையது. கோ. நடேசய்யர், பத்திரிகையாளர். வெளியார் நுழையத் தடை இருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுப் போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். 1940 தையில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனின் கதை பதினாறு, பதினேழு வயதினருக்கு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதும், 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்ததும், அதன்பின் நம் நிலையங்களில் கோச்சி ஏறிய குடும்பங்களும் பெரியவர்களுக்கான கிராபிக் நாவலுக்கு உரியவை. சின்னஞ்சிறுசுகளுக்கோ அட்டையும் கொழுந்துக் கூடையும் மூடுபனியும் போதும்.

இவற்றை வரைய நமக்கென்று ஒரு மொழியும் இருக்கிறது. பெரட்டுக்கு அழைக்கும் தப்பு, காமன் கூத்தின் ஒப்பனை, அர்ச்சுனன் தபசுக் கம்பம், வரிசை வரிசையாகக் காம்பராக்கள் உள்ள லயம். காம்பராவே ஒரு காமிக்ஸ் கட்டந்தானே! ஒரே அளவில் அடுக்கப்பட்ட சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குடும்பம். பேச்சுக் குமிழிக்குள் எங்கள் பேச்சும் வர வேண்டும். 'அரைப்பேர்', 'கவ்வாத்து', 'புள்ளக்காம்பரா' என்ற சொற்களை அச்சில் பார்க்கும் பிள்ளை, தன் வீட்டுத் தமிழுக்கும் புத்தகத்தில் இடமுண்டு என்று அறிந்துகொள்ளும். அது எந்தப் பரீட்சையிலும் கிடைக்காத பாடம்.

படம் பார்த்துப் பழகினால் பிள்ளை எழுத்தை வெறுத்துவிடும் என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் உண்டு. என் காலத்தில் காமிக்ஸைப் பறித்துக் கிழித்தெறிந்த ஆசிரியர் ஒருவரையும் அறிவேன். அவர்களுக்கு என் பதில் எளியது. வாசிக்காத பிள்ளைக்கும் தடித்த நூலுக்கும் நடுவே ஒரு படி வேண்டும். முத்து காமிக்ஸில் தொடங்கி சி.வி. வேலுப்பிள்ளையிடம் வந்து சேர்ந்தவர்கள் பலரை நான் அறிவேன். எதுவுமே வாசியாமல் நேரே வேலுப்பிள்ளையிடம் வந்தவர் ஒருவரையும் அறியேன். இன்று அந்தப் பிள்ளையின் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. போட்டி காமிக்ஸுக்கும் பாடநூலுக்கும் இடையே இல்லை. காமிக்ஸுக்கும் அந்தத் திரைக்கும் இடையே.

இலங்கையில் இதற்கு முன்மாதிரி இல்லையா? சிங்களச் சகோதரர்களைப் பாருங்கள். எழுபதுகளில் சித்திரக் கதைகளுக்கென்றே வாரப் பத்திரிகைகள் நடத்தினார்கள். கமிலஸ் பெரேராவின் கஜமன் 2023இல் அசைபடமாகவே வந்துவிட்டான். நம்மிடமும் 'சிரித்திரன்' சுந்தர் இருந்தார். அவருடைய சவாரித் தம்பர் தினகரனில் உலவியபோது யாழ்ப்பாணத்துப் பேச்சும் நடையும் அப்படியே படமாயின. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து நூல் வெளியீடு தழைத்தது என்பதையும் மறக்கலாகாது. இறக்குமதியைத் தடுக்கச் சொல்லவில்லை. நம்மால் முடியும் என்பதற்குச் சாட்சி காட்டுகிறேன்.

ஆகவே என் யோசனை இது. ஞாயிறு வெளியீடு நடத்தும் தமிழ்ப் பத்திரிகைகள் வாரம் ஒரு பக்கத்தை மலையகப் படக்கதைக்கு ஒதுக்கட்டும். ஐம்பத்திரண்டு வாரம் ஓடினால் ஒரு புத்தகம் சேர்ந்துவிடும். வண்ணம் வேண்டாம், கெட்டி அட்டை வேண்டாம். பத்திரிகைத் தாளில், கறுப்பு வெள்ளையில், நாற்பத்தெட்டுப் பக்கம் போதும். 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் கொழும்பின் பெரிய பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்திய நாட்டில் சிக்கனம் தெரிந்திருக்க வேண்டும். வரைவதற்கு, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலிருந்து வெளிவரும் சித்திர ஆசிரியர்களும், அவர்களிடம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கதை சொல்ல லயத்து முதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நெடுங்காலம் இருக்கப் போவதில்லை. 1964க்குப் பின் உறவுகளை ஏற்றிவிட்டு நிலையத்தில் நின்றவர்களுக்கு இன்று எழுபதும் எண்பதும் வயது. ஒவ்வொரு மழைக்காலமும் சிலரைக் கொண்டுபோகிறது.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அலமாரிக்கு ஒரு கெட்டி அட்டைப் பதிப்பு வாங்கும்போது, மலையகப் பாடசாலை நூலகம் ஒன்றுக்கும் வயதறிந்து ஒரு படக்கதை வாங்கி அனுப்புங்கள். ஆறாம் வகுப்புக்கு லக்கி லூக்கை அனுப்பலாம். 'பெர்சபொலிஸை' உயர்தர மாணவருக்கு அனுப்புங்கள். ஓவியம் தெரிந்தவர்கள் இருந்தால், கோவிந்தனையோ பிரேஸ்கேர்டலையோ ஒரே ஒரு பக்கம் வரைந்து பாருங்கள். பத்திரிகைக்காரன் என்ற முறையில், அதை அச்சில் கொண்டுவரப் பத்திராதிபர்களின் கதவைத் தட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.