கண்ணாடியும் முகமும்

"பழைய படத்தைச் செப்பனிட்டு என்ன ஆகப்போகிறது? யூடியூபில்தான் கிடைக்கிறதே!" என்றார் மண்ணூர் நண்பர் ஒருவர். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை அவரைச் சுற்றித் தொழிற்சாலைகள். உலகம் படம் பார்க்கிற கைப்பேசிகள் அந்த வட்டாரத்தில் உருவாகின்றன. கண்ணாடி செய்யத் தெரிந்த நமக்கு முகத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை!

1948-ல் இத்தாலியில் டி சிகா எடுத்த படம் 'பைசிக்கிள் தீவ்ஸ்'. பிழைப்புக்கு வேண்டிய சைக்கிளைப் பறிகொடுத்த தொழிலாளியின் கதை. ஷிப்டுக்கு ஓடுகிற மண்ணூர்க்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இன்று அது புளூ-ரே தட்டில், அந்தச் சிறுவனின் கண்ணீர்கூடத் தெரிகிற தெளிவோடு கிடைக்கிறது.

அதே 1948-ல் வெளிவந்தது, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவான உதயசங்கரின் 'கல்பனா'. ஒளிப்பதிவு நம் கே. ராம்நாத், பத்மினி முதன்முதலில் தோன்றிய படம். பிரதி இருந்தது புனேயில், அரசாங்கக் காப்பகத்தில். ஆனால் அதைச் செப்பனிட்டது இத்தாலியின் பொலோனா நகரத்து லாபரட்டரி. 2012-ல் கான் விழாவில் காட்டினார்கள். 2022-ல் தட்டாக வெளியிட்டது ஓர் அமெரிக்கக் கம்பெனி. நாம் என்ன செய்தோம்?

'கல்பனா'வாவது பிழைத்தது. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதா'ஸுக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. நண்பர் அதை யூடியூபில் தேடட்டுமே!

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நட்சத்திரங்களின் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றப் பணம் இருக்கிறது. இல்லாதது வெட்கந்தான்.