ஓடைக்கரையில் ஒரு கல் வாத்தியம்

பாறை காணப் போகிறவன் மலையேறுவான் என்பதே வழக்கம். மெல்பேணில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது யாம் சென்ற இடத்திலோ முதலில் இறங்க வேண்டும். ஏற்றமெல்லாம் கால் களைத்த பின்னரே.

நகரின் வடமேற்கே, விமான நிலையத்துக்கு அண்மையில், ஜாக்சன்ஸ் ஓடை சமவெளியை ஆழமாக அரிந்து சென்ற பள்ளத்தாக்கில் 'ஓகன் பைப்ஸ்' தேசியப் பூங்கா இருக்கிறது. தேவாலயத்து ஓகன் வாத்தியத்தின் குழல்களைப் போலக் கரிய கற்றூண்கள் நெருங்கி அணிவகுத்து நிற்பதால் இப்பெயர். சில தூண்கள் 20 மீற்றர் வரை உயர்ந்தவை.

ஏறக்குறைய 25 முதல் 28 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு இங்கே பாய்ந்து தேங்கிற்று. மேற்புறம் விரைவில் இறுக, உட்புறம் மெல்ல ஆறியது. ஆறும் பாறை சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வற்றிய குளத்தின் சேறு பாளம்பாளமாக வெடித்திருப்பதை மாணவர் கண்டிருப்பர். இங்கு அவ்வெடிப்பு ஆழத்துக்கு இறங்கிச் சென்றதால் பாளங்கள் தூண்களாயின. பின்னர் ஓடை அரித்து அவற்றை வெளிக்காட்டிற்று. சற்று அப்பால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களென நாற்புறமும் விரிந்த பாறையொன்றும் உண்டு.

"சிகிரியாவும் எரிமலைதானே, அம்மப்பா?" என்றாள் உடன் வந்த பேத்தி. வழிகாட்டி நூல்கள் பல அவ்வாறுதான் எழுதுகின்றன. ஆயினும் எமது தீவின் பெரும்பகுதி மிகத் தொன்மையான உருமாற்றப் பாறையாலானது, சிகிரியாவும் அவ்வினமே. சுற்றியிருந்த மென்பாறை தேய, வன்பாறை எஞ்சி நின்றது. சொன்னோம், அவளுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

தூண்களைப் பார்த்து முடித்து நிழலில் அமர்ந்தபோதுதான் அந்த நிழலின் கதையை அறிந்தோம். 1972இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காலத்தில் இப்பள்ளத்தாக்கில் முட்புதரும் அந்நியக் களையும் மண்டிக் கிடந்தனவாம். அவ்வாண்டே ஊரார் தொண்டர் குழுவொன்றை அமைத்தனர். விடுமுறை நாட்களில் வந்து களை பிடுங்கினர். அந்நாட்டுக்கே உரிய மரங்களை நட்டனர். வௌவால் தங்க மரப்பெட்டிகளையும் தொங்கவிட்டனர். நட்டவர்களுட் பலர் இன்று முதியோராயிருப்பர்.

மூச்சு வாங்க மேலேறி வந்தோம். ஹெவ்லொக் டவுனுக்குத் திரும்பிய மறுநாட் காலை கிருலப்பனைக் கால்வாயோரம் உலாவுகையில், கரையில் எத்தனை முழம் வெறுமையாய்க் கிடக்கிறதென எம்மையறியாமலே கண் அளந்துகொண்டிருந்தது.