நிலையியலும் தமிழாசிரியரும்

நிலையியல் கணித ஆசிரியருக்குரியது. தமிழாசிரியருக்கு அதிலே என்ன அலுவல் எனப் பழைய மாணவர் சிலர் வினவலாம். மறுதாக்கம், திருப்பம், சமநிலை என்பன தமிழ்ச் சொற்கள். அவற்றை மாணவர் பொருளறியாது ஒப்பிப்பதைப் பாராமுகமாய் விடுதல் தமிழாசிரியர்க்குத் தகாது என்பது எமது கருத்து.

ஒரு முனை சுவரிலே பதிக்கப்பட்டு, மறுமுனை தாங்கலின்றி நீண்டு நிற்கும் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 2 மீற்றர். நிறை 100 நியூற்றன். வெளிமுனையில் 300 நியூற்றன் சுமை தொங்குகிறது. சுவர் மேல்நோக்கித் தரும் மறுதாக்கம் 400 நியூற்றன் என மாணவர் உடனே கூறிவிடுவர். ஆயின் அது மட்டும் போதாது. சட்டம் சுழன்று விழும். சுழலவிடாது பிடித்திருப்பதும் சுவரே. சுமையின் திருப்பம் 300 × 2 = 600. சட்டத்தின் நிறை நடுவிலே தாக்குதலின் 100 × 1 = 100. ஆக 700 நியூற்றன் மீற்றர் எதிர்த் திருப்பத்தைச் சுவர் தருதல் வேண்டும். பக்கமாக இழுக்கும் விசை இருப்பின் கிடைத் திசையிலும் ஒரு மறுதாக்கம் எழும். தெரியாக் கணியம் மூன்று. சமநிலைச் சமன்பாடும் மூன்று.

கணக்கு முடிந்தது. ஆனால் கல்லும் சுண்ணமுமான சுவர் திருப்பத்தை எங்ஙனம் தருகிறது? சுவரின் வாயிலில் அடிக்கல் சட்டத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. உள்முனையில் மேற்கல் அதனைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. எதிரெதிரான இவ்விரு தாக்கங்களுமே அத்திருப்பத்தை ஆக்குகின்றன. இவ்விரண்டு வாக்கியங்களை எழுதத் தெரியாத மாணவன் கணக்கிலே முழுப் புள்ளி பெற்று என்ன பயன்?

உதாரணத்துக்கு நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியிலே மட்டக்களப்பின் தென்னைகள் பெருந்தொகையாய் அழிந்தன. தென்னையும் ஒரு முனை பதிந்த சட்டமே. சுவருக்குப் பதில் மண்ணும் வேரும். அதே காற்றுவிசை இருமடங்கு உயரத்தில் தாக்கின் அடியிலே கிடை மறுதாக்கம் மாறாது, திருப்பமோ இருமடங்காகும். வேர் தரவல்ல எதிர்த் திருப்பத்தை அது மிஞ்சினால் மரம் பெயரும். வேர் தாங்கியும் தண்டு தாங்காவிடின் முறியும்.

வீட்டு யன்னலுக்கு மேலே நீண்டு நிற்கும் கொங்கிறீற்றுத் தட்டை நோக்குக. இருபுறமும் தாங்கப்பட்ட தட்டிலே இழுவை பெரும்பாலும் அடிப்புறத்தது. கம்பியும் ஆங்கே வேண்டும். ஒரு முனை பதித்த தட்டிலோ இழுவை மேற்புறத்தது. சுவரோரத்தில் திருப்பம் உச்சமாகும். கொங்கிறீற்று இடும்போது மேற்கம்பி மிதிபட்டு அடியில் அமிழுமாயின், தட்டு சுவரோரத்தில் வெடித்து, கீழே நிற்பவர் தலைமேல் விழும். கம்பி கட்டுவோருக்கு இதனைத் தெளிவான தமிழிலே சொல்ல வல்லவர் நம் மாணவருள் எத்துணைப் பேர்?

தமிழும் விஞ்ஞானமும் ஓரிடத்தில் உறைதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். தமிழகத்தார் திருப்புத்திறன் என்பதை நாம் திருப்பம் என்கிறோம். எது சிறந்ததென வழக்காடுதல் ஈண்டு வேண்டா. சொல் கிடைத்துவிட்டது, வாக்கியமே கிடைக்கவில்லை.

கட்டுரை வகுப்பிலே வைகறைக் காட்சியை வருணித்தது போதும். தவணைக்கு ஒன்றாயினும், தென்னை சாய்ந்த காரணத்தை எழுதச் சொல்லுவோம். திருத்தும்போது கணித ஆசிரியரும் உடனிருக்கட்டும்.