அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டது யார்?



நாங்குநேரிக்குப் பிறகு நெல்லை மாவட்டத்தில் எந்தப் பள்ளி விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போனாலும் மேடையில் ஒரே பேச்சுதான். "செல்போன் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது." "சேர்க்கை சரியில்லை." "சினிமாவைப் பார்த்து ஆடுகிறார்கள்." பேசுகிறவர் அதிகாரியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், மனநல ஆலோசகராக இருக்கலாம். கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்று: இது விடலைப் பருவக் கோளாறு. கைதட்டுகிறோம், டீ குடிக்கிறோம், கலைந்து போகிறோம்.

அந்த ஒரு மணி நேரப் பேச்சில் சாதி என்ற சொல் வருவதில்லை. வந்தாலும் "சில வேண்டாத அடையாளங்கள்" என்று முகமூடி போட்டுக்கொண்டுதான் வருகிறது.

நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். நாங்குநேரியைச் சேர்ந்த தலித் மாணவர் வள்ளியூரில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்தார். உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் அவரை மிரட்டினார்கள், எடுபிடி வேலை ஏவினார்கள். தாங்க முடியாமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். பள்ளி காரணம் கேட்டது. நடந்ததை எழுதிக் கொடுத்தார். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு அரிவாளோடு வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்த ரத்தத்தைப் பார்த்த உறவினர் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார். பிடிபட்டவர்கள் சிறுவர்கள்.

இதைத்தான் "சகவயதினர் அழுத்தம்" என்கிறார்கள். நான் சமூகவியல் படித்தவன். அந்தச் சொல்லின் மீது எனக்குப் பகை இல்லை. 2005-இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. விடலைப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது எடுத்த ஆபத்தைவிட, கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது எடுத்த ஆபத்து மிக அதிகம். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆக, கூட்டாளி பார்க்கிறான் என்றால் துள்ளுவது அந்த வயதின் இயல்பு. உலகம் முழுக்க அப்படித்தான்.

ஆனால் ஒரு ஊரில் அந்தத் துள்ளல் பைக் பந்தயமாகிறது. இன்னொரு ஊரில் பள்ளிச் சுவரேறிக் குதிப்பதாகிறது. தாமிரபரணிக் கரையில் மட்டும் ஏன் அது அரிவாளாகிறது? ஏன் குறிப்பிட்ட தெருவை நோக்கியே போகிறது? "விடலைப் பருவம்" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. துள்ளல் வயதினுடையது. அது போகும் திசையை ஊர் வைத்திருக்கிறது.

நான் வேலை பார்க்கும் பகுதியில், பெயர் வேண்டாம், ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களோடு உட்கார்ந்து பேசினேன். மணிக்கட்டில் மஞ்சள்-சிவப்பு, பச்சை-சிவப்பு, நீலம்-மஞ்சள் என்று வகைவகையாகக் கயிறு. "ஏன் கட்டியிருக்கே?" என்று கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன். "யார் கட்டிவிட்டது?"

பதில் உடனே வந்தது. "கொடைக்குப் போனப்போ மாமா கட்டிவிட்டாரு." "எங்க தெரு அண்ணமாரு கொடுத்தாங்க சார்." "குருபூசைக்கு வேன்ல போனோம்லா, அங்க." ஒருவன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "கட்டாம வந்தா பஸ்ல நம்ம பசங்களே நக்கலடிப்பாங்க சார்."

கடைசிப் பதிலை மட்டும் பிடித்துக்கொண்டு "பாருங்கள், சகவயதினர் அழுத்தம்" என்று கட்டுரை எழுதிவிடலாம். முதல் மூன்று பதில்களை யார் எழுதுவது? மாமாவுக்கு நாற்பது வயது. தெரு அண்ணன்மார்களுக்கு முப்பது. வேனுக்கு டீசல் போட்டவருக்கு அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் கண் இருக்கிறது. ப்ளெக்ஸில் பத்தாம் வகுப்புப் பையனின் படத்தைச் சாதித் தலைவர் படத்துக்குக் கீழே அச்சடித்துக் கொடுத்தவரும் பெரியவர்தான். வகுப்பறையில் நாம் பார்க்கும் அந்த "சகவயதினர்" கூட்டத்துக்குப் பின்னால் மீசை நரைத்த ஒரு கூட்டம் நிற்கிறது.

இனி ஊடகம். 2023 ஜூன் 29 அன்று 'மாமன்னன்' வெளியானது. மாரி செல்வராஜ் எடுத்த படம், சாதி ஆணவத்துக்கு எதிரான படம். அதில் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்தினவேலு வில்லன். பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்கிற ஆள். ஆனால் சில வாரங்களில் என்ன நடந்தது? அதே ரத்தினவேலுவின் காட்சிகளை வெட்டி ஒட்டி, சாதிப் பெருமைப் பாட்டைப் பின்னணியில் போட்டு, நாயகனாக்கி ஓடவிட்டார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அவர்தான். ஒன்றைப் பார்த்து லைக் போட்டால் அடுத்த பத்தை இன்ஸ்டாகிராமே கொண்டுவந்து கொடுத்தது.

அந்த ரீல்ஸ்தான் நாங்குநேரிக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. நான் சொல்வது வேறு. எதிர்த்து எடுத்த படத்தையே திருப்பிப் போட்டுக்கொள்ளும் கை ஏற்கெனவே தயாராக இருந்தது. செல்போன் அந்தக் கைக்கு வேகத்தைக் கொடுத்தது, பார்வையாளர்களைக் கொடுத்தது. முன்பு ஊர்த் திருப்பத்தில் நாலு பேர் முன்னால் காட்டிய கெத்தை இன்று நாலாயிரம் பேர் முன்னால் காட்டுகிறான். நாலாயிரம் பேர் பார்க்கும்போது பின்வாங்குவது கடினம். அதனால் ஊடகத்தின் பங்கு சிறியதென்று நான் சொல்லமாட்டேன். போனைப் பிடுங்கினால் நோய் தீரும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

போன் கைக்கு வராத காலத்திலும் இந்த மண் இப்படித்தான் இருந்தது. 1995-இல் கொடியன்குளத்தைச் சூறையாடியபோது இன்ஸ்டாகிராம் இருந்ததா? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தி, தாமிரபரணியில் 17 பேர் மாண்டபோது ரீல்ஸ் இருந்ததா?

பெண் பிள்ளைகள் பக்கம் வாருங்கள். இந்தக் கூட்டாளி வட்டத்தின் முக்கியமான வேலையே காவல் காப்பதுதான். "நம்ம பிள்ளை" யாரோடு பேசுகிறது, யார் படத்துக்கு லைக் போட்டது, எந்த பஸ்ஸில் யார் பக்கத்தில் நின்றது என்று பதினைந்து வயதுப் பையன் உளவு பார்க்கிறான். சாதி உயிரோடு இருப்பது அகமணத்தால் என்று அண்ணல் அம்பேத்கர் 1916-இலேயே எடுத்துக்காட்டினார். அந்த அகமணத்துக்கு இன்று பள்ளிச் சீருடை போட்ட வாட்ச்மேன்கள். அவர்கள் வளர்ந்தால் என்ன ஆகும்? 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் நம் சமூகத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர் அவர் நேசித்த பெண்ணின் தம்பி, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். அவரை வீரனாக்கிப் பதிவுகள் ஓடின. போட்டவர்களில் எத்தனை பேர் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவர்களோ!

இதே அழுத்தம் நம் பிள்ளைக்கு வேறு விதமாக வருகிறது. அவனிடம் அது "கெத்து காட்டு" என்று சொல்வதில்லை. "தலை குனி" என்கிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவரை வழிமறித்து விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் அவர் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இதைக் கேட்ட பக்கத்து ஊர்ப் பையன் அடுத்த முறை களத்தில் இறங்கும்போது என்ன நினைப்பான்? நன்றாக ஆடலாமா, வேண்டாமா என்றுதானே? "குழந்தை வளர்ச்சி" பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தயக்கத்தை எந்த அட்டவணையில் சேர்ப்பார்கள்?

அரசு என்ன செய்தது? நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, நெற்றிக்குறி, சாதி வண்ணம் பூசிய சைக்கிள் கூடாது. பள்ளிக்குள் செல்போன் கூடாது என்றது. அதோடு நிற்கவில்லை. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. அந்தப் பகுதியில் எண்ணிக்கையில் ஓங்கிய சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே முதன்மைக் கல்வி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ போடாதே என்றது. ஆனால் வெளியே விவாதம் எதைச் சுற்றி நடந்தது? கயிற்றையும் பொட்டையும் சுற்றித்தான். பிள்ளைகள் மேல் விழும் பரிந்துரை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பெரியவர்கள் மேல் விழும் பரிந்துரையை யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

கயிற்றைக்கூட உருப்படியாக அவிழ்க்கவில்லை என்பது வேறு கதை. 2019-இல் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய நடைமுறையே தொடரும் என்றார் அன்றைய அமைச்சர். 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிற்றில் தொடங்கிய தகராறில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் உயிர் போனது.

இப்போது நம் வீட்டுக்குள் பேச வேண்டியது. கோபம் வேண்டாம். அந்த ஒன்பதாம் வகுப்பில் கயிறு கட்டியிருந்தவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். நம் தெருப் பையன்களும் அரிவாள் ஈமோஜி போட்டு ரீல்ஸ் விடுகிறார்கள், "ஆண்ட பரம்பரை" என்று பாட்டுப் போடுகிறார்கள். அடித்தவன் திமிரும் அடிபட்டவன் ரோஷமும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஒடுக்குகிறவனின் நகலாக மாறுவதற்கா நம் பாட்டன்மார் அடிபட்டார்கள்? கல்லூரி மாணவர்களே, அந்தப் பையன்களுக்கு நீங்கள்தான் "தெரு அண்ணன்மார்". அவர்கள் மணிக்கட்டில் நீங்கள் என்ன கட்டிவிடுகிறீர்கள்?

செய்ய வேண்டியவை இருக்கின்றன. உங்கள் பகுதிப் பள்ளியில் ஒரு மாணவன் புகார் எழுதினால், அன்று இரவே அவன் வீட்டுக்குப் பாதுகாப்பு கேளுங்கள். எழுதிக் கொடுத்த அன்றே வெட்டப்பட்டதுதான் நாங்குநேரி. ஒரு பிள்ளை தொடர்ந்து நாலு நாள் பள்ளிக்கு வரவில்லை என்றால், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்கு நம் பெற்றோரை அழைத்துப் போங்கள். சந்துரு குழு அறிக்கையை மாலை வகுப்பில் உட்கார்ந்து படியுங்கள். குறிப்பாக, தலைமையாசிரியர் நியமனம் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, உங்கள் ஊரில் அது நடந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

நாங்குநேரி மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, பொதுத்தேர்வெழுதி, 600-க்கு 469 வாங்கினார். மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டுகிறார்கள். அடுத்த முறை கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து நின்று கேளுங்கள்: வெட்டிய கைகளில் கயிறு கட்டிவிட்ட பெரியவர்களில் எத்தனை பேரை இதுவரை விசாரித்திருக்கிறீர்கள்?