தளபதியின் ஒரு வரி

சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் வரும் பருவத்திலே நல்லதண்ணி உறங்குவதில்லை. மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணை வரைக்கும் மலைப்பாதையின் விளக்குகள் இரவு முழுவதும் எரிந்துகொண்டிருக்கும். தேநீர்க் கடைகளின் கேத்தல்கள் கொதித்துக்கொண்டேயிருக்கும். அத்தகைய ஓர் இரவில், உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு கடையொன்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். செயற்கைக் கால் பூட்டிய ஒருவர் கோலூன்றி எங்களைக் கடந்து படியேறினார். முன்பு படையில் இருந்தவர் என்றும், ஆண்டுதோறும் தவறாது வருபவர் என்றும் கடைக்காரர் சொன்னார்.

மாணவருள் ஒருவன் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "ஐயா, கால் போனவருக்கு வைத்தியர் பார்த்து எழுதிக் கொடுத்துவிடலாம். வெளியே தெரியாத நோவு உள்ளவனுக்கு யார் எழுதிக் கொடுப்பது?" என்று கேட்டான்.

எளிய கேள்விதான். ஆயினும் அவ்விடத்தில் நின்றபடியே விடை கூற என்னால் இயலவில்லை. உலகத்துப் படைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இக்கேள்வியோடு போராடி வந்திருக்கின்றன. அவற்றின் அனுபவத்தில் நம் குடும்பங்களுக்கும் பயன்படத்தக்க பாடம் ஒன்று உண்டு. அதனையே இவ்வாரம் எழுதலாமென எண்ணுகிறேன்.

படைவீரன் ஒருவன் உடல் தளர்ந்து, இனிச் சேவைக்கு உதவான் என்னும் நிலை வந்தால், அவனை வைத்திய சபை ஒன்று பரிசோதிக்கும். எலும்பு, நரம்பு, இரத்தம், பார்வை ஆகியவற்றின் நிலையை அச்சபை அறியும். ஆனால் வைத்தியர் தமது அறையிலிருந்து அறிய முடியாதவை இரண்டு உள. இக்கேடு எவ்வாறு, எங்கே, என்ன வேலையின்போது நேர்ந்தது என்பது ஒன்று. இக்கேட்டினால் அவனது அன்றாட வேலையில் எது தடைப்பட்டது என்பது மற்றொன்று. முழங்கால் நோவு எழுதுவினைஞனுக்கும் உண்டு. சுமை தூக்கி மலையேறும் காலாட்படை வீரனுக்கும் உண்டு. எழுதுவினைஞனுக்கு அது தொல்லை மட்டுமே. வீரனுக்கோ அதுவே தொழிலின் முடிவு. இந்த வேறுபாட்டை அறிந்தவர் அவனை நாள்தோறும் வேலையில் வைத்துப் பார்த்த கட்டளை அதிகாரி. ஆகையினால் வைத்தியரின் அறிக்கையோடு அவரது கூற்றையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று.

அவ்வழக்கம் எவ்வளவு பயனுடையதோ அவ்வளவு அபாயமுடையது. அதனை முதலாம் உலகப் போரிலேயே காணலாம்.

1914இல் போர் மூண்டது. பதுங்குகுழிகளில் இரவு பகலாக வெடிகுண்டுகளின் நடுவே இருந்த வீரர் பலர், உடம்பில் ஒரு கீறலுமின்றிப் பேச்சிழந்தனர், நடுங்கினர், நடை மறந்தனர். சாள்ஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 1915 பெப்ரவரியில் 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் இத்தகையோரைப் பற்றி எழுதினார். 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. உடனே பிரித்தானிய இராணுவத்துக்கு ஒரு சிக்கல் எழுந்தது. பகைவனின் குண்டினால் வந்த கேடு என்றால் அவன் காயப்பட்டவன். சட்டைக் கையில் காயக் கோடு அணியும் பெருமையும், பின்னர் ஓய்வூதியத்துக்கான வழியும் அவனுக்கு உண்டு. தானாக வந்த கேடு என்றால் அவன் வெறும் நோயாளி. கோழை என்று பிறர் பழித்தாலும் வாய்திறக்க இயலாது.

எது எது என்பதை முடிவுசெய்வது யார்? 1917 யூனில் ஓர் ஆணை பிறந்தது. அதன்படி முன்னணியில் உள்ள வைத்தியர்கள் குண்டதிர்ச்சி என்ற சொல்லையே எழுதக் கூடாது. நரம்பு சம்பந்தமானது, இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை என்னும் கருத்துடைய குறிப்பொன்றை இட்டுச் சிறப்பு வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஒரு படிவம் அவ்வீரனின் படைப்பிரிவுக்குப் போகும். இவன் குண்டு வெடிப்பொன்றுக்கு நேராக உட்பட்டவன்தானா என்பதற்கு அவனுடைய கட்டளை அதிகாரி அதில் விடை எழுத வேண்டும். அவ்விடை வந்த பின்னரே நோய்க்குப் பெயர் சூட்டப்படும்.

வாசகர் இந்நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிறைந்த படைப்பிரிவொன்றில் ஏறத்தாழ ஆயிரம் பேர். வானமே இடிந்து விழுவது போன்ற குண்டு மழை. எவன் அருகே எந்தக் குண்டு விழுந்தது என்பதை அதிகாரி எங்ஙனம் கண்டிருப்பார்? கண்ட அதிகாரியே மாண்டுபோயிருக்கவும் கூடும். அவ்வாறிருக்க, ஒரு மனிதனின் மானமும் அவன் வீட்டு அடுப்பும் அந்த ஒரு வரியிலே தொங்கின. அதிகாரி கண்டதைக் கேட்பது நியாயம். காண இயலாததற்கும் அவரையே சாட்சியாக்கியதே அந்த ஏற்பாட்டின் பிழை.

இனி நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவைப் பார்ப்போம். அங்கே ஊன ஓய்வூதியம் பெறுவதற்கு இரண்டு நிபந்தனைகள் நெடுங்காலமாக வழங்கி வந்தன. ஊனம் 20 வீதத்துக்குக் குறையாதிருக்க வேண்டும். அது படைச் சேவையினால் உண்டானதாகவோ சேவையினால் மிகுந்ததாகவோ இருக்க வேண்டும். விபத்தில் நேர்ந்த காயமாயின், அவ்வேளை அவன் கடமையில் இருந்தானா, அவன் மீது தவறு உண்டா என்பன பற்றிக் கட்டளை அதிகாரி தமது கருத்தைப் பதிவுசெய்ய வேண்டும். விபத்து நடந்த அன்றைக்கே தெளிவாக எழுதப்பட்ட அறிக்கை, இருபது ஆண்டு கழித்தும் அவ்வீரனுக்காகப் பேசும். எழுதாது விடப்பட்டதை அவன் எத்துணை வழக்குத் தொடுத்தும் மீட்பது அரிது.

நோயாக வந்த ஊனத்தின் கதை வேறு. தரம்வீர் சிங் என்னும் வீரர் 1985இல் சமிக்ஞைப் படையில் சேர்ந்தார். சேரும்போது அவருக்கு நோய் உண்டென்று எவரும் குறித்திருக்கவில்லை. ஏறத்தாழ 9 ஆண்டுகளின் பின்னர், 1994இல், வலிப்பு நோய் காரணமாக விலக்கப்பட்டார். இந்நோய் அவரது உடலமைப்பைச் சார்ந்தது, சேவையால் வந்ததன்று என வைத்திய சபை எழுதிற்று. ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2013 யூலை 2ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் ஒரு கொள்கையை அழுத்திச் சொல்லிற்று: சேரும்போது நோய்க் குறிப்பு இல்லையெனில் அவன் நலத்தோடு சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும், மெய்ப்பிக்கும் சுமை வீரனுடையதன்று, மறுக்கும் சபை காரணம் காட்டியே மறுக்க வேண்டும். அவருக்கு ஊன ஓய்வூதியம் உரித்தென்றும் தீர்ப்பாயிற்று. விலக்கப்பட்ட நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையே 19 ஆண்டுகள். அவ்வழக்குக்கு அடிப்படையான 1982ஆம் ஆண்டு விதிகளின் பின்னர், 2023இல் புதிய விதிகள் வந்துவிட்டன. ஆயினும், காரணம் கூறாத ஒரு வரி எத்தனை ஆண்டுகளை விழுங்கும் என்பதற்கு அவ்வழக்கு என்றும் சான்றாக நிற்கும்.

அமெரிக்காவில் கட்டளை அதிகாரியின் கூற்று வைத்திய ஆவணங்களோடு முறைப்படி சேர்க்கப்படுகிறது. வீரனின் கடமைகள் யாவை, அவற்றுள் எவற்றை அவனால் செய்ய இயலும், எவற்றைச் செய்ய இயலவில்லை என்று அவர் எழுத வேண்டும். நோயின் பெயரைக் கூறுவது அவர் வேலையன்று. முடிவும் அவருடையதன்று, சபையுடையது. அங்கே 20 ஆண்டு சேவை நிறையாத ஒருவன் தகுதியற்றவன் எனத் தீர்மானிக்கப்பட்டால், ஊனம் 30 வீதமோ அதற்கு மேலோ என்றால் ஓய்வூதியத்தோடு வீடு செல்வான். குறைந்தால் பெரும்பாலும் ஒரே தொகையோடு அனுப்பப்படுவான். 2007இல் வோல்ட்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் காயமுற்ற வீரர் படிவங்களுக்குள் சிக்கித் தவித்த நிலை பத்திரிகைகளில் வெளியாகி நாடே வெட்கியது. அவ்வாண்டு நவம்பரிலேயே புதியதோர் ஒருங்கிணைந்த பரிசோதனை முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தன் வீரனிடத்து அன்புடைய அதிகாரி, "இவன் சிறந்தவன், எந்த வேலையையும் மறுக்காதவன்" என்று புகழ்ந்து எழுதலாம். வாசிக்கும் சபையோ, எந்த வேலையையும் செய்பவன் ஊனமுற்றவன் எங்ஙனம் ஆவான் என்று கருதிவிடலாம். வெறுப்பினால் எழுதப்பட்ட வரி மட்டுமே கேடு செய்யும் என்று நாம் நினைக்கிறோம். பொதுப்படையான புகழுரையும் அதே கேட்டைச் செய்யக் கூடும்.

இவையெல்லாம் தூர தேசத்துப் படைகளின் செய்திகள், நமக்கென்ன என்று மலையக வாசகர் கேட்கலாம். நம் தேயிலை மலைகளிலும் இதே கதைதான் நடக்கிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் உண்டு. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த காயத்துக்கு வேலைகொள்வோர் பொறுப்பாவர் என்பது அதன் சாரம். எந்த உறுப்பின் இழப்புக்கு எத்தனை வீதம் என்னும் அட்டவணையும் அதில் உண்டு. ஆனால் அட்டவணை பேசுவதற்கு முன்னர் ஒரு மனிதர் பேசியாக வேண்டும். கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டி ஒரு தாய் மயங்கி விழுகிறாள். மழையில் வழுக்கி ஒருத்தி கானுக்குள் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறாள். வைத்தியர் எலும்பைப் பார்ப்பார். அது எந்த மலையில், எத்தனை மணிக்கு, எந்த வேலையில் முறிந்தது என்பதை அவர் அறியார். அதனை அறிந்தவர் கங்காணி, எழுதுபவர் கணக்கப்பிள்ளை, ஒப்பமிடுபவர் துரை. "வேலை முடிந்து லயத்துக்குப் போகையில்" என்று ஒரு சொல் மாறினால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர் அவளது உரிமையே கேள்விக்குள்ளாகிவிடும்.

பிறரைச் சொல்லி என் குற்றத்தை மறைக்க நான் விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன் என் வகுப்பில் படித்தான். லயத்துப் படியில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். எலும்பு பொருந்திவிட்டது என வைத்தியர் எழுதினார், அது உண்மையே. ஆயினும் அரை மணி நேரம் எழுதியதும் அவன் விரல்கள் விறைத்துப் போகும். பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொள்வான். சாதாரணதரப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பித்தான். வகுப்பாசிரியர் என்ற முறையில் நான் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அவனுக்கு நன்மை செய்வதாக எண்ணி, "மிக நல்ல மாணவன். பாட வேலைகளைக் குறைவின்றிச் செய்து முடிப்பவன்" என்று எழுதினேன்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வரலாற்றுத் தாளின் கடைசி வினாக்களை எழுத அவனுக்கு நேரம் போதவில்லை. தந்தையார் என்னைத் தேடி வந்து, "வாத்தியார் ஐயா, நீங்க நல்லதாத்தானே எழுதியிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கோபமில்லை. அக்கேள்வியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அவன் கையை உதறியதை நாள்தோறும் கண்டவன் நான். கண்டதை எழுதாது, நினைத்ததை எழுதினேன். மறுமுறை அவன் தோற்றியபோது, எந்த நாளில், எந்தப் பாடத்தில், எத்தனை நிமிடத்துக்குப் பின் எழுத்துச் சிதைந்தது என்பதைக் குறித்து எழுதினேன்; பயிற்சிக் கொப்பியின் பக்கங்களையும் இணைத்தேன். மேலதிக நேரம் கிடைத்தது. அவன் இழந்த ஓராண்டு மட்டும் கிடைக்கவில்லை.

ஆதலின் பிறருக்காக ஒப்பமிடும் நிலையிலுள்ள ஆசிரியர், அதிபர், கிராம அலுவலர், தோட்ட உத்தியோகத்தர் யாவருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கண்டதை நாளோடும் இடத்தோடும் எழுதுங்கள். காணாததைக் காணவில்லை என்றே எழுதுங்கள். நடக்கவில்லை என்று எழுதாதீர்கள். செய்ய முடிந்ததையும் முடியாததையும் பிரித்து எழுதுங்கள். நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை வைத்தியருக்கு விட்டுவிடுங்கள்.

குடும்பங்களுக்கும் ஒரு சொல். காயம் நேர்ந்த அன்றே அது பதியப்பட்டதா என்று கேளுங்கள். பதிந்ததை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இயலுமாயின் பிரதி பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். அருகில் நின்று கண்டவர் யார் என்பதைக் குறித்து வையுங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை இருக்குமானால் இதனைச் செய்து கொடுப்பது அப்பிள்ளையின் கடமை. கற்ற எழுத்துக்கு இதனினும் நல்ல பயன் வேறு எது?

அன்றிரவு நல்லதண்ணியில் கேட்கப்பட்ட கேள்விக்கு என் விடை இதுவே, தம்பி. வெளியே தெரியாத நோவை எழுத வேண்டியவர், அவன் பக்கத்தில் நின்று வேலை செய்தவரும் வேலை வாங்கியவரும் ஆவர். நாளை நீயும் ஏதேனும் ஒரு மேசையின் பின்னால் அமர்வாய். உன் முன்னே ஒரு படிவம் வரும். அதில் உனக்கென விடப்பட்ட இடம் ஒரு வரியளவே இருக்கும். அவசரப்படாமல் எழுது.