ரீலைக் கட்டிவிட்டு வீசுங்கள்

கடற்கரையில் தூண்டில் போட வரும் தம்பிகளைப் பார்த்தால் ராடு எத்தனை அடி, ரீல் என்ன விலை என்று நான் கேட்பதில்லை. ரீலைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஆடும். தலைமயிர் அளவுதான் ஆடும், ஆனால் ஆடும்.

"இறுக்கித்தான் வச்சிருக்கேன் அங்கிள்" என்பார்கள். பொய் சொல்வதில்லை. வீட்டில் கிளம்பும்போது இறுக்கியிருப்பார்கள். கொட்டிவாக்கம் மணலில் வந்து நின்று, பதினைந்து இருபது முறை வீசி இழுத்த பிறகு அந்த இறுக்கம் அங்கே இருக்காது. ஏன் இருக்காது என்று எனக்குத் தெரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 வருடம் லேத்தில் நின்று மரை வெட்டியவன் நான். நட்டு எப்போது பிடிக்கும், எப்போது கைவிடும் என்பது என் பிழைப்பாக இருந்தது.

தூண்டில் ராடில் ரீல் உட்காரும் இடத்துக்கு ரீல் சீட் என்று பெயர். ரீலின் காலைக் கவ்வ அங்கே இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று அசையாதது. இன்னொன்று மரையில் நகரும் நட்டோடு சேர்ந்து முன்னால் வந்து காலை அழுத்திப் பிடிப்பது. நல்ல சீட்டில் அந்த நட்டுக்குப் பின்னால் இன்னொரு பூட்டு நட்டும் இருக்கும். மலிவான ராடுகளில் அது இருப்பதில்லை. இரண்டு வாயும் அநேகமாகப் பிளாஸ்டிக். மரையும் பிளாஸ்டிக்தான்.

குளத்தில் கெண்டை பிடிக்க இது தாராளமாகப் போதும். அலைவாயில் நிலைமை வேறு. பன்னிரண்டு பதிமூன்று அடி ராடு, அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ரீல், நுனியில் நாலு அவுன்ஸ், அதாவது 113 கிராம் ஈயம். இதை முழு உடம்பையும் திருப்பிச் சுழற்றி வீசுகிறோம். வீசும் கை ரீலின் காலை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் வைத்துப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு வீச்சிலும் உள்ளங்கை அந்த நட்டை ஒரு இழை திருப்பிவிடுகிறது. பிறகு ஈயத்தை அலைக்கு எதிராக இழுத்துச் சுற்றும்போது கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றும் ரீலை இடமும் வலமும் அசைக்கிறது. மரைக்குள் மணல் போகிறது. மணல் போன மரை இறுக்கும்போது "கரக்" என்று நிற்கும். இறுகிவிட்டது என்று நாம் நினைப்போம். நின்றது மணலில்தான், காலில் அல்ல.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ரீலின் காலுக்கு எல்லாக் கம்பெனியும் ஒரே அளவு வைப்பதில்லை. என்னிடம் உள்ள இரண்டு ரீல்களின் காலை வெர்னியரில் வைத்துப் பார்த்தால் தடிமனும் ஒன்றல்ல, நுனியின் சரிவும் ஒன்றல்ல. ஒரு கம்பெனி ராடில் இன்னொரு கம்பெனி ரீலைப் பூட்டும்போது இடுக்கு விழுவது இயல்பு. ராடை ஒரு பக்கமும் ரீலை ஒரு பக்கமும் படம் பார்த்து வாங்குகிறோம். இரண்டும் சேரும் இடத்தை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

எனக்கு இது புரியவைக்கப்பட்ட விதம் மறக்கக்கூடியதல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி விடியல். வாடைக்காற்று இறங்கியிருந்தது, கடல் கலங்கல். காலா மீன் கரையை ஒட்டி வரும் நேரம் என்று இறால் மாட்டி வீசியிருந்தேன். எடுத்தது காலா அல்ல, திருக்கை. தரையோடு ஒட்டிக்கொண்டு, மெதுவாக, பாரவண்டி போவதுபோலப் போனது. தூண்டில் நரம்பு ஓடுவதைத் தடுக்கும் டிராக்கை இறுக்கினேன். ராடு வளைந்து நின்ற அந்த நேரத்தில் என் கைக்குள்ளேயே ரீல் கழன்றது. வாயிலிருந்து கால் நழுவி, ரீல் நரம்பிலேயே தொங்கிக்கொண்டு ராடின் முதல் வளையத்தை நோக்கி ஓடியது. அதைப் பிடிக்கப் போன என் சுட்டுவிரலின் அடியில் நரம்பு சுற்றி அறுத்தது. இரண்டு தையல். தழும்பு இன்னும் இருக்கிறது.

தையலைவிட எனக்கு உறுத்தியது வேறு. நரம்பு ரீலின் பக்கத்தில் அறுந்ததால் நூறு மீட்டருக்கு மேல் தங்கூசி, முள்ளோடும் ஈயத்தோடும் கடலுக்குப் போய்விட்டது. நைலான் மட்காது. அடுத்து வந்த தை மாசி மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். பெசன்ட் நகருக்கும் நீலாங்கரைக்கும் இடையில் 1988இலிருந்து மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்கள் நடக்கும் அதே கரைக்கு எதிரில், என் கவனக்குறைவால் நூறு மீட்டர் நரம்பு கிடந்தது. அந்த ஆண்டு முழுவதும் கரையில் ஒதுங்கும் நரம்பைப் பொறுக்கிக்கொண்டே நடந்தேன். என்னுடையது கிடைக்கவில்லை.

ஒருவனுடைய மீனும் ரீலும் போவது அவனோடு நிற்கும் நஷ்டம். நான் பத்திரிகையில் எழுத நினைத்ததற்குக் காரணம் அது இல்லை. வீசும்போது ரீல் அசைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ரீல் கொஞ்சம் சாய்ந்தால் போதும், சுருளிலிருந்து கிளம்பும் நரம்பு முதல் வளையத்தின் விளிம்பில் அடித்துச் சிக்கிக்கொள்ளும். நரம்பு நின்றுவிடும். ஈயம் நிற்காது. நரம்பை அறுத்துக்கொண்டு தன் போக்கில் போகும். நேராகக் கடலுக்கே போகும் என்ற நிச்சயம் எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எலியட்ஸ் கடற்கரைக்குக் கொஞ்சம் தெற்கே இதை நேரில் பார்த்தேன். புது ராடு, புது ரீல், இருபது வயதுப் பையன். இரண்டு முறை அழகாக வீசினான். மூன்றாவது வீச்சில் துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம். ஈயம் பக்கவாட்டில் பறந்து, பந்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குப் பத்தடி தள்ளி ஈர மணலில் குத்தி நின்றது. நான் போய்த் தோண்டி எடுத்தேன். என் விரல் முழுதும் உள்ளே போனது. பையன் நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் ரீலைத் தொட்டேன். நட்டு முக்கால் சுற்று தளர்ந்திருந்தது.

வீச்சின் வேகத்தைத் தாங்க நரம்பின் முன்பகுதியில் தடித்த நரம்பை முடிச்சிட்டு இணைப்பது எல்லாரும் அறிந்ததுதான். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு தாங்கும் நரம்பு என்று கணக்கு. நாலு அவுன்ஸுக்கு நாற்பது பவுண்டு. அந்தப் பையனும் அதைச் செய்திருந்தான். எங்கோ பார்த்துக் கற்றிருக்கிறான். ரீலை எப்படிப் பூட்டுவது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ராடை விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை. விற்றவர்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நான் செய்வது இதுதான். சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, அழுக்கும் பவுடரும் போகக் கழுவிக் காயவைத்து, இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள தூரத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்தில் கீற்றாக வெட்டிக்கொள்வேன். ஓரத்தில் சிறு கீறல்கூட இருக்கக் கூடாது, இழுக்கும்போது அங்கேதான் கிழியும். ரீல் சீட்டின் மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைப்பேன். காலுக்கும் சீட்டுக்கும் நடுவே இடுக்கு இருந்தால் அதே டியூபில் ஒரு சின்னத் துண்டை அடியில் வைப்பேன். அசையாத வாய்க்குள் காலை முதலில் முட்டக் கொடுத்து, பிறகு நட்டைத் திருப்பி, கைவிரலால் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு. இடுக்கியைத் தொடக் கூடாது. இடுக்கி போட்டு இறுக்கிய பிளாஸ்டிக் வாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அது மீன் இழுக்கும்போதுதான் திறக்கும். அப்புறம் ராடின் அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் வளையங்கள் எல்லாம் ரீலோடு ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன்.

இனிமேல்தான் கட்டு. நட்டின் மேல் கீற்றின் நுனியை வைத்து, அதன் மேலேயே ஒரு சுற்று சுற்றி அடக்கி, ரப்பர் பாதியாக மெலியும் வரை இழுத்துக்கொண்டே காலின் மேல் சுற்றிப் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். நட்டு இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் கட்டே நட்டைத் தளர்த்தும். காலின் தண்டைத் தாண்டி மறுபக்க வாயையும் மூடி, கடைசி இரண்டு சுற்றைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, நுனியை அதற்குள் நுழைத்து இழுத்தால் முடிந்தது. முடிச்சு வேண்டாம். இரண்டு நிமிட வேலை. இழுபட்ட ரப்பர் சும்மா இருக்காது, திரும்பச் சுருங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். நட்டு தளர்ந்தாலும் கட்டு தளராது. கைக்கும் மெத்தென்று இருக்கும், ஈரத்தில் வழுக்காது.

கரண்டு டேப் சுற்றுகிறவர்கள் உண்டு. நம் வெயிலுக்கு அதன் பசை இளகி, பத்து மணிக்கெல்லாம் டேப் நழுவ ஆரம்பித்துவிடும். சிலர் கார் ரேடியேட்டர் குழாயில் போடும் ஹோஸ் கிளிப்பை மாட்டுகிறார்கள். அது இங்கிலாந்தின் பழைய பழக்கம். அந்தக் கிளிப்பே அங்கே லம்லி ராபின்சன் என்ற முன்னாள் கடற்படை அதிகாரி 1921இல் காப்புரிமை வாங்கியது. அங்கே கரையில் நின்று வீசுகிறவர்கள் அதைக் கொண்டு ரீல் சீட்டே இல்லாத ராடுகளில் வேண்டிய உயரத்தில் ரீலைப் பூட்டினார்கள். இன்று அதற்கென்றே கோஸ்டர் என்ற நகரும் கவ்விகள் விற்கின்றன. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அனுபவப்பட்டவர்கள் பலர் சீட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, வெறும் கார்க் பிடியில் ரீலை வைத்து டேப்பாலேயே சுற்றிக் கட்டுகிறார்கள். ஹோஸ் கிளிப் போடுவதானால் அடியில் ரப்பர் இல்லாமல் போடாதீர்கள். கார்பன் ராடை இரும்புப் பட்டை நேரடியாக நெரித்தால் இழை உடைந்து, ராடு அந்த இடத்திலேயே ஒடியும்.

கட்டுவதைக் கைத்திறன் இல்லாதவன் வேலை என்று நினைக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். பளபளக்கும் ராடில் கறுப்பு டியூபைச் சுற்றினால் அசிங்கமாக இருக்கிறதாம். ஆனால் ஊரூர் குப்பத்து மீனவப் பெரியவர் ஒருவர் நான் ரீலைக் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, இப்பத்தான் கட்டக் கத்துக்கினியா?" என்று கேட்டார். அவர் சிறுவயதில் ஏறிய கட்டுமரம் ஆணியில்லாமல் கயிற்றால் கட்டியது. பெயரிலேயே கட்டு இருக்கிறது. துறைமுகம் வருவதற்கு முன் மதராஸில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றிவந்த மசூலா படகும் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தது. ஆணியடித்து இறுக்கிய வெள்ளைக்காரப் படகுகளை இந்த அலை உடைத்துப்போட்டது. அலையோடு கொஞ்சம் நெளிந்துகொடுத்த நம் படகுகள்தான் கரை சேர்ந்தன. இந்தக் கரையின் அலைக்கு எது தாங்கும் என்று தெரிந்தவர்கள் கட்டித்தான் வைத்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரிக்க வேண்டும். ரப்பருக்கு அடியில் உப்புத் தண்ணீர் தங்கினால் அலுமினியக் காலில் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். நல்ல தண்ணீரில் ராடையும் ரீலையும் அலசி, கீற்றைத் தனியாக நிழலில் போடுங்கள். வெயிலில் போட்ட ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். மாதம் ஒரு முறை மரையில் ஒரு சொட்டு கிரீஸ்.

கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள்: அலைவாய் ராடும் ரீலும் விற்கும்போது இரண்டையும் வாங்குகிறவர் கண் எதிரில் பூட்டிக் காட்டுங்கள். ஆடினால் சொல்லிவிடுங்கள், வேறு ஜோடி கொடுங்கள். ஒரு ரப்பர் கீற்றையும் பெட்டிக்குள் போட்டுக் கொடுங்கள். தம்பிகளிடம் வேண்டுகோள்: பத்து வீச்சுக்கு ஒரு முறை ரீலைத் தொட்டுப் பாருங்கள். பின்னால் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வீசவே வேண்டாம்.

பழைய டியூபுக்கு எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் காசு வாங்குவதில்லை.